தட்டிப் பார்க்கிறவன்

என் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் நான் சண்டைக்குத்தான் போவேன். அவன் கெட்டவன் என்பதற்காக இல்லை. நல்லது கெட்டது எதையுமே முகத்தில் காட்டாதவனைப் பற்றி என்ன சொல்வது? கல்லுளிமங்கன் என்கிறார்களே, அந்தச் சொல்லை அவனுக்கென்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். தெருவில் பாதிப் பேர் அவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். மீதிப் பேர் அவனோடு பேசியதே இல்லை.

அவனுக்கு நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறவியிலிருந்தே வெள்ளை. அப்பாவுக்கும் அப்படித்தான். அப்பாவைப் பெரிய சுட்டி என்றும் அவனைச் சின்னச் சுட்டி என்றும் தெருவில் சொல்வார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் நெற்றியில் இருக்குமே, அந்தச் சுட்டி. அப்பாவுக்கு அதில் கோபம் இல்லை, பெருமைதான். "நம்ம வம்சத்து முத்திரைடா அது" என்று கண்ணாடி முன் நின்று வாரிக்கொள்வார். எனக்கு அந்த முத்திரை விழவில்லை. எனக்கு வாய்த்ததெல்லாம் வாய்தான்.

அவன் தொழில் நாய் வளர்ப்பு. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி இறைத்த டால்மேஷன் நாய். அப்பா ஆரம்பித்தது. வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கம்பி வலை அடித்த கூண்டுகள், சிமெண்டுத் தரை, கழுவிவிட ஒரு வாய்க்கால். ஃபினாயிலும் ஈர நாயும் கலந்த வாசனை என் பள்ளிச் சீருடை வரைக்கும் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்தினாள் என்று அவள் பென்சில் டப்பாவை ஜன்னல் வழியாக வெளியே எறிந்திருக்கிறேன். அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அன்றைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் வந்து நின்றது அண்ணன்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. வழியில் ஒரு புதுப் பென்சில் டப்பா வாங்கி என் கையில் கொடுத்தான், அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி.

விஷயத்தை இழுக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே. ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, என் அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். எனக்கென்று மிச்சமிருக்கும் பிறந்த வீடு அவன் ஒருவன்தான். அப்படியிருந்தும் ஏன் மறைத்தேன் என்பது அந்த நாய்களைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

புள்ளி நாயின் குட்டி பிறக்கும்போது புள்ளியோடு பிறப்பதில்லை. வெறும் வெள்ளையாகப் பிறக்கும். கொஞ்ச நாள் போன பிறகு தோலுக்கடியிலிருந்து சாம்பல் நிறமாக எட்டிப் பார்த்து, பிறகு கறுக்கும். அதனால் பிறந்த அன்றே கறுப்பு இருந்தால் அது புள்ளி இல்லை, திட்டு. காதிலோ கண்ணோரத்திலோ மை கொட்டியது போல ஒரு திட்டு. நாய்ப் போட்டி நடத்தும் கிளப் விதிப்படி அது குறை. அதற்கு வம்சச் சான்றிதழ்ப் பேப்பர் கிடைக்காது, போட்டியில் நிறுத்த முடியாது. அப்பா திட்டு விழுந்த குட்டியை அன்றே ஒதுக்கிவிடுவார். பால்காரருக்கோ காவல்காரருக்கோ சும்மா கொடுத்துவிடுவார். அதை இணை சேர்க்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை.

இன்னொரு குறை பார்த்தால் தெரியாது. இந்தச் சாதியில் சில குட்டிகளுக்குக் காது கேட்காது. நீலக் கண்ணோடு பிறந்தால் சந்தேகம் அதிகம். குட்டிகள் எழுந்து ஓடியாடும் பருவத்தில் அப்பா அவற்றைத் தட்டிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர். குட்டியைத் தனியாகப் பிரிக்க வேண்டும், கூட்டத்தில் வைத்தால் மற்றது திரும்புவதைப் பார்த்துச் செவிடும் திரும்பிவிடும். மெத்தையில் விட வேண்டும், வெறும் தரையில் அதிர்வு காலுக்குத் தெரிந்துவிடும். பின்பக்கமாக உட்கார்ந்து, நிழல் விழாமல், காற்று படாமல், ஒரு மூடியைக் கரண்டியால் தட்ட வேண்டும். காது நிமிர்ந்தால் தப்பித்தது. நிமிராவிட்டால் அட்டைப் பெட்டி.

பெட்டி என்றால் செருப்புக் கடைப் பெட்டி. அதில் பழைய துணி விரித்து, குட்டியை வைத்து, சைக்கிளில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அண்ணன். ஊசி போட்டுவிடுவார்கள். காது கேளாத நாய் வண்டியில் அடிபட்டுச் சாகும், இல்லாவிட்டால் திடுக்கிட்டு யாரையாவது கடித்து வைக்கும், அதற்கு இதுவே மேல் என்பது அப்பாவின் நியாயம். அந்த வேலையை அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோதே தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். "பெட்டியை நானே எடுத்துட்டுப் போறேம்ப்பான்னு வந்து நின்னான். சிங்கக்குட்டி!" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அண்ணன் அப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நான் நாலாவது படிக்கும்போது ஒரு குட்டி. ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. என் செருப்பைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போகும். அது பெட்டிக்குப் போன அன்று நான் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"அண்ணா, இது ஒண்ணை மட்டும் விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

"கையை எடு. கம்பி குத்தும்."

அவ்வளவுதான். போனான், வந்தான், பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தான், கையைக் கழுவினான், சாப்பிட உட்கார்ந்தான். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

"எப்படிண்ணா உன்னால சாப்பிட முடியுது?"

"பசிக்குது" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் அவனைப் பல வருஷம் வெறுத்தேன். சோறு போட்டு, தலை வாரிவிட்டு, காய்ச்சலுக்கு விழித்திருந்து என்னை வளர்த்தவனும் அவன்தான். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள எனக்கு இன்று வரை வழி தெரியவில்லை.

அப்பா போன பிறகு தொழில் அவன் கைக்கு வந்தது. எதுவும் மாறவில்லை. கூண்டு, ஃபினாயில், மூடி, கரண்டி, பெட்டி. மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். நன்றாகப் பேசுகிற மனிதர். நாய்த் தலையில் மெல்லிய ஒயர்களை ஒட்டி, ஒவ்வொரு காதாகக் கேட்கிறதா என்று பார்க்கும் மெஷின் ஒன்றை அவர் வரவழைத்தார். அண்ணன் எல்லா நாய்களையும் கொண்டுபோனான். வேன் ஓட்டியது நான். அப்போதே எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது.

எங்கள் கூண்டின் மகாராணி ஒரு பெட்டை நாய். மூத்தவள் என்று கூப்பிடுவோம். புள்ளி ஒவ்வொன்றும் காசு வைத்து வரைந்தது போல வட்டமாக இருக்கும். அப்பா "நூலைப் போல சேலை" என்று சொல்லிச் சொல்லி அவள் வழியிலேயே மறுபடி மறுபடி இணை சேர்த்தார். மெஷின் சொன்னது, மூத்தவளுக்கு ஒரு காது கேட்காது.

"ஒரு காது இருந்தா போதும், தட்டிப் பாக்கறதுல பாஸாயிடும்" என்றார் டாக்டர். "நடக்கும், ஓடும், கூப்பிட்டா வரும். யாருக்கும் தெரியாது. ஆனா குட்டிக்குக் குடுத்துடும். ஒரு காதுச் செவிடை இணை சேர்க்கவே கூடாதுங்க."

இன்னொன்றும் சொன்னார். திட்டு விழுந்த குட்டிகளுக்குப் பெரும்பாலும் காது நன்றாகக் கேட்குமாம். நிறம் எங்கே இறங்குகிறதோ அங்கே காதும் பிழைத்துக்கொள்கிறதாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பில்லை. வம்சம் சுத்தமாக வேண்டும் என்று அப்பா வருஷக் கணக்கில் காது கேட்கிற குட்டிகளைப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டு, செவிட்டு ரத்தத்தைத் தங்கம் போலக் காத்து வைத்திருக்கிறார்! நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மூத்தவளின் தலையிலிருந்து ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சரிங்க டாக்டர்" என்றான். வேறொன்றும் இல்லை.

அன்றோடு மூத்தவளை இணை சேர்ப்பதை நிறுத்தினான். அவள் கிழடாகிச் சாகும் வரை சும்மா வைத்துச் சோறு போட்டான். அதே வாரத்தில் தனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பதிவு அலுவலகத்தில் கிளார்க், தங்கமான பெண். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. நான் வீட்டை இரண்டாக்கினேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன குறை கண்ட?"

"குறை ஒண்ணும் இல்ல."

"அப்புறம்? கோட்டை கட்டப் போறியா? யாரு வந்து உன்னைக் கட்டிப்பாங்கன்னு நெனச்சிட்டிருக்க?"

"யாரும் வேண்டாம். நாய்க்குச் சோறு வைக்கணும், நகரு" என்று எழுந்து போனான். அதோடு அவன் கல்யாணப் பேச்சு முடிந்தது. நானும் கையைக் கழுவிவிட்டேன். குதிரையைக் குளத்துக்கு இழுத்துப் போகலாம், குடிக்க வைக்க முடியுமா?

எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கத்துவதுதான் வேலையில் பாதி. முப்பதுக்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. கிளட்ச்சையும் பிரேக்கையும் மாற்றி மிதிக்கிறவர்களோடு மாரடித்து நரைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். குழந்தை இல்லை, இல்லை என்று எல்லாரும் சலித்த பிறகு மகள் பிறந்தாள்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். குழந்தைக்குத் தலை நிறையக் கறுப்பு முடி, நெற்றிக்கு நேரே மட்டும் சுண்ணாம்பு பட்டது போல ஒரு வெள்ளைக் கொத்து. "பாத்தியா, உன் முத்திரை!" என்று நான்தான் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை கண்ணைத் திறந்தது. ஒரு கண் பழுப்பு. ஒரு கண் நீலம். அவன் குனிந்தவன் நிமிரவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

"நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த டயாபர் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு காதைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். குழந்தையின் காதில் சின்னதாக எதையோ செருகி மெஷினைப் பார்த்தாள். மறுபடி செருகினாள். சில வாரம் கழித்து வேறு மெஷின், வேறு டாக்டர், தலையில் ஒயர்கள். இரண்டு காதிலும் பதில் இல்லை. வெள்ளை முடி, நீலக் கண், காது மூன்றும் ஒரே பரம்பரைக் கோளாறு என்றார் டாக்டர். ஒரு வீட்டிலேயே ஒருவருக்கு முடி மட்டும் வெளுக்கும், ஒருவருக்கு இளநரையோடு போகும், ஒருவருக்குக் காதும் போகும்.

"உங்க வீட்ல வேற யாருக்காவது?"

"அப்பாவுக்கும் அண்ணனுக்கும் முன்முடி வெள்ளை. காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும்" என்றேன்.

வெளியே வந்து டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு போல உள்ளே எல்லாம் மரத்திருந்தது. கடித்துப் பார்த்தாலும் வலிக்காது என்று தோன்றியது. என் மரக்கட்டை அண்ணனுக்கு எப்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த நினைப்பு, அவனுக்கு இது தெரியக் கூடாது என்பதுதான்.

அவன் என் குழந்தையைக் கொன்றுவிடுவான் என்றா பயந்தேன்? நான் பைத்தியம் இல்லை. எனக்குப் பயம் அந்தப் பார்வையைப் பார்த்து. காது நிமிராத குட்டியைத் தூக்கும்போது அவன் கண்ணில் ஒன்றும் இருக்காது. கோபம் இல்லை, பாவம் என்பது இல்லை. ஒதுக்கிய பொருளைப் பார்க்கிற பார்வை. அந்தக் கண்ணால் அவன் என் மகளைப் பார்த்தால் எனக்கு அண்ணன் இருக்க மாட்டான். அவனைத் தொலைக்கவும் எனக்கு மனம் இல்லை. அதனால் மறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வருவான். அவன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் குழந்தையின் காதிலிருந்து, கொஞ்சமாவது கேட்கட்டும் என்று டாக்டர் கொடுத்த மெஷினைக் கழற்றி பிரெட் டப்பாவுக்குள் போடுவேன். காதோரம் மெஷின் பதிந்த தடம் தெரியாமல் தொப்பியை மாட்டுவேன். "யாரு வந்திருக்கா பாரு! மாமா வந்திருக்கார் பாரு!" என்று தொண்டை கிழிய நடிப்பேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவான். குழந்தையைத் தூக்க நான் விடுவதில்லை, "நாய் முடி ஒட்டும்" என்பேன். அவனும் கேட்டதில்லை.

"எத்தனை நாளைக்கு இந்த நாடகம்?" என்றார் என் கணவர். "காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷன் வரப் போகுது. தலையில கட்டோட படுத்திருப்பா. அன்னிக்கு என்ன சொல்லுவ, கீழ விழுந்துட்டான்னா?"

"அன்னிக்குப் பாத்துக்கலாம். உங்க லிஃப்டைப் பாருங்க நீங்க."

மகள் தானாக உட்காரத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கீழே ஒரு பெண்மணி வந்து, மறுநாள் லைசென்ஸ் டெஸ்ட், ரிவர்ஸ் மட்டும் ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள் என்று அழாத குறையாக நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம்தானே என்று இறங்கினேன். ரிவர்ஸ் என்றைக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கிறது?

திரும்பி வந்தபோது நாற்காலியில் அவன் இல்லை. படுக்கையறையிலிருந்து டங் என்று சத்தம்.

குழந்தை மெத்தை நடுவில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கம்பியில் ஒரு புறா. அவளுக்குப் பின்னால், நிழல் விழாத இடமாகப் பார்த்து அண்ணன் உட்கார்ந்திருந்தான். கையில் என் குக்கர் மூடி, இன்னொரு கையில் கரண்டி. வலப்பக்கம் தட்டினான். அவள் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல நகர்ந்து இடப்பக்கம் தட்டினான்.

நான் பாய்ந்து குழந்தையைப் பறித்தேன். கரண்டி கீழே விழுந்தது.

"பெட்டி கொண்டு வந்திருக்கியா? கீழ வண்டியில வச்சிருக்கியா? இவளையும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்து சாப்பிட உக்காருவியா?" எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் கேட்கவில்லை, என் வாய் கோணுவதைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தாள்.

அவன் மூடியை மெத்தையில் வைத்தான்.

"இவ பொறந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றான். "கண்ணைப் பாத்தேன்ல."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா வந்து டீ குடிச்சியா?"

"நீ சொல்லல. அதான் நானும் கேக்கல."

"அப்ப இப்ப எதுக்குத் தட்டின?"

"ஒரு காதாவது இருக்கான்னு பாத்தேன். ஒண்ணு இருந்தா போதும். ஒண்ணை வச்சுக்கிட்டு ஓட்டிடலாம்."

"உனக்கு என்ன தெரியும்? ஓட்டிடலாம்னு நாயை வச்சுச் சொல்றியா?"

"எனக்கு ஒண்ணுதான்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினான், மற்றவர்கள் சட்டையில் கறை இருக்கிறது என்று காட்டுவது போல.

"இது எப்பவுமே கேக்காது. சின்ன வயசுலேர்ந்து. டாக்டர் மூத்தவளைப் பத்திச் சொன்னாரே, அன்னிக்குத்தான் எனக்கும் விளங்கிச்சு. அதான் அந்தப் பொண்ணை வேண்டான்னேன். உனக்குப் பொறக்கும்போது முடி வெளுக்கல, ரெண்டு காதும் இருந்துச்சு. நீ தப்பிச்சுட்டேன்னு நெனச்சேன். இது என்னோட நின்னுடும்னு நெனச்சேன்."

குழந்தை என் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவில் சாய்ந்து நின்றேன். கேட்க ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்கா?" முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் பெட்டியில வச்சிடுவார்னு நெனச்சேன். சின்னப் பையன்தானே, அப்படித்தான் தோணுச்சு. என்னையும் என்னிக்காவது பின்னாடி உக்காந்து தட்டுவார்னு காத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். பெட்டியை நானே தூக்கிட்டேன்னா, தூக்கறவனை யாரும் தட்டிப் பாக்க மாட்டாங்க."

கடையில் அரிசி விலை சொல்வது போலத்தான் சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இன்னுமா பயந்துக்கிட்டிருக்க?" என்றேன்.

யோசித்தான். "இல்ல. பயம்லாம் தீந்துபோச்சு. அதோட மத்ததும் தீந்துபோச்சு போல."

நான் அப்போதும் அழவில்லை. பிரெட் டப்பாவைத் திறந்து மெஷினை எடுத்தேன். குழந்தையின் இரண்டு காதிலும் அவன் கண் முன்னாலேயே மாட்டினேன். பிறகு அவளை அவன் மடியில் இறக்கினேன். அவனுக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியவில்லை. வயிற்றுக்கடியில் ஒரு கை, மார்புக்கடியில் ஒரு கை, குட்டியைப் பிடிப்பது போலவே பிடித்தான்.

"நாய் முடி ஒட்டும்" என்றான்.

"ஒட்டட்டும். கொஞ்ச நேரம் வச்சிரு, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று சிடுசிடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.